தூங்கும்போது அளந்த நாய்

ஒரு காட்டில் சிங்கம் ராஜாவாக இருந்தது என்று தொடங்கினால் இப்போதே கொட்டாவி விடுவீர்கள், குழந்தைகளே. இந்தக் காட்டில் சிங்கம் கிடையாது. ஒரு பாறை இருந்தது. கதை அந்தப் பாறையில்தான்.

அதன் பெயர் அடுக்குப்பாறை. ஐந்து அடுக்கு. ஒவ்வொரு அடுக்கிலும் வரிசையாகப் பொந்துகள். ஒவ்வொரு பொந்திலும் ஒரு குடும்பம். பொந்துகளுக்கு முன்னால் ஒரு ஒடுக்கமான விளிம்பு உண்டு. அதில் ஒரு கீரி நடந்து வந்தால் எதிரே வரும் கீரி சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். மேல் வீட்டில் தும்மினால் கீழ் வீட்டில் கேட்கும். கீழ் வீட்டில் சண்டை போட்டால் மேல் வீட்டிலிருந்து நியாயம் சொல்லுவார்கள்.

இவ்வளவு இடைஞ்சல் இருந்தும் யாரும் அதை விட்டுப் போனதில்லை. அந்தக் காட்டில் மழைக்காலம் வந்தால் இரண்டு மாதம் தரையே தெரியாது. நனையாமல் படுக்க அடுக்குப்பாறையை விட்டால் வேறு இடமில்லை.

இத்தனை பேர் சேர்ந்து இருந்தால் ஒரு சங்கம் இல்லாமல் போகுமா? இருந்தது. அதற்குத் தலைவர் உடும்பு. அவர் ஒன்றைப் பிடித்தால் விடமாட்டார். பாறையாக இருந்தாலும் சரி, விதியாக இருந்தாலும் சரி. "ஒரு வீட்டின் மேல் மூன்று புகார் வந்தால், அந்த வீட்டைக் காலி செய்ய வேண்டும்." இது அவருடைய விதி. இதுவரை இரண்டு குடும்பங்கள் மூட்டையைக் கட்டியிருந்தன.

மூன்றாவது அடுக்கில் முள்ளரசி என்ற முள்ளம்பன்றி தனியாக இருந்தாள்.

முள்ளரசிக்கு ஒரு குணம். எதற்கெடுத்தாலும் திடுக்கிடுவாள். இலை விழுந்தால் திடுக்கிடுவாள். யாராவது பின்னாலிருந்து "சாப்டாச்சா?" என்று கேட்டாலும் திடுக்கிடுவாள். உடனே முதுகு முள் மொத்தமும் சடசடவென்று எழும்பி நிற்கும். அதனால் சங்கக் கூட்டத்தில் அவளைச் சுற்றி வட்டமாக இடம் விட்டுத்தான் உட்காருவார்கள். கேட்டால், "மரியாதைங்க" என்பார்கள். மரியாதையும் இல்லை, ஒன்றும் இல்லை. குத்தும். அவ்வளவுதான்.

ஒரு நாள் முள்ளரசி மைனாவைக் கூப்பிட்டாள். காட்டில் யாருக்கு யார் துணை என்று சேர்த்து வைப்பது மைனாவின் வேலை. பேசாமல் இருந்தால் அவளுக்கு மூச்சு முட்டும்.

"மைனா, எனக்கு ஒரு நாய் வேணும்."

"நாயா! எதுக்குக்கா?"

"எதுக்குன்னா... காவலுக்குத்தான்."

மைனா பொந்துக்குள் எட்டிப் பார்த்தாள். மூலையில் நாலு கிழங்கு கிடந்தது. அதில் ஒன்று அழுகல்.

"ஆமாக்கா," என்றாள் மைனா கண்ணை உருட்டி. "காலம் கெட்டுக் கிடக்கு. காவல் அவசியம்தான்."

முள்ளரசி தலையைக் குனிந்துகொண்டாள். அவள் சொன்னது பொய் என்று அவளுக்கே தெரியும். ஆனால் உண்மையைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

அடுக்குப்பாறைக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. துணை பார்க்கப் போவதென்றால் உச்சி வேளையில்தான் போவார்கள். அதுதான் நல்ல நேரமாம். பார்க்கப்படுகிறவர் தலை குனிந்து அடக்கமாக இருப்பார். போனவர்கள் ஒரு பார்வை பார்த்து, தலையை ஆட்டி, முடித்துவிட்டு வருவார்கள். உச்சி வெயிலில் யார்தான் அடக்கமாக இருக்க மாட்டார்கள்? இதை ஒருவரும் ஒரு நாளும் கேட்டதில்லை.

முள்ளரசி புத்திசாலித்தனமாக ஒன்று செய்தாள். அதாவது, புத்திசாலித்தனம் என்று அவள் நினைத்த ஒன்று. தன் பொந்தின் நீளத்துக்கு ஒரு கொடியை அறுத்து எடுத்துக்கொண்டாள். "இதுக்குள்ள அடங்குற நாயா இருக்கணும். அப்பத்தான் வீட்டுக்குச் சரிப்படும்."

"அக்காவுக்கு மூளையே மூளை," என்றாள் மைனா.

இருவரும் நாய்மேட்டுக்குப் போனார்கள். அது காட்டோரத்துப் புல்வெளி. நடுவில் ஒரு பெரிய புளியமரம். காட்டு நாய்கள் எல்லாம் அங்கேதான் கூட்டமாக இருக்கும். கூட்டமாக இருப்பதற்குக் காரணம் சிறுத்தை. அது நாய்க்கூட்டத்தை நெருங்காது. ஆனால் தனி நாய் சிக்கினால் விடாது. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு வேண்டியிருக்கும்.

புளியமர நிழலில் எல்லா நாய்களும் தூங்கிக்கொண்டிருந்தன.

"இவன் மிளகு," என்று ஒரு குட்டி நாயைக் காட்டினாள் மைனா. "எலி பிடிக்கிற இனம். கொட்டாங்குச்சியில படுக்க வெச்சாலும் படுத்துக்குவான்."

"ரொம்பச் சின்னதா இருக்கே. காவலுக்குன்னு சொல்லிட்டு இதைக் கொண்டு போனா சிரிக்க மாட்டாங்களா?"

அடுத்து, மரத்தடியில் ஒரு மலைபோல ஒருவன் கிடந்தான். அவன் மேல் நாலைந்து புளியம்பழங்கள் விழுந்து அப்படியே இருந்தன. விழுந்து எத்தனை நாளோ.

"இது?"

"ஐயோ, அதைப் பாக்காதீங்க. அவன் பேரு பொதி. மலையடி இனம். வாசல்லயே மாட்டிக்குவான். அப்புறம் பாறையை உடைச்சுத்தான் வெளியில எடுக்கணும். இங்க வாங்க, உங்களுக்குன்னே ஒருத்தன் இருக்கான்."

மைனா காட்டியவன் பெயர் அம்பு. ஓட்டக்கார இனம். ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள், பட்டுப் போன்ற மேனி. காலையெல்லாம் மடித்து, மூக்கை வாலுக்குள் செருகி, ஒரு பூசணிக்காய் அளவுக்குச் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தான். அழகு என்றால் அப்படி ஒரு அழகு.

முள்ளரசி கொடியை அவன் பக்கத்தில் நீட்டி வைத்து அளந்தாள்.

"பாதிக் கொடிகூட வரலையே!"

"நான் என்ன சொன்னேன்?" என்றாள் மைனா.

பேச்சுச் சத்தத்தில் அம்பு கண் விழித்தான். விஷயத்தைக் கேட்டான். எழுந்து உடம்பை முறித்துக்கொண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

"அக்கா, உங்க வீட்டுல ஓடுறதுக்கு இடம் இருக்கா?"

முள்ளரசி வாயைத் திறந்தாள். அதற்குள் மைனா முந்திக்கொண்டாள். "காடே உன்னோடதுதான்டா! அக்கா வீட்டு வாசல்ல நின்னா மொத்தக் காடும் தெரியும்."

தெரியும்தான். தெரிவது வேறு, ஓடுவது வேறு. முள்ளரசி அதைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அம்புவின் கண்கள் அவ்வளவு அழகாக இருந்தன.

முதல் நாள் நன்றாகத்தான் போனது. அம்பு மரியாதை தெரிந்தவன். பொந்துக்குள் சுருண்டு படுத்தான். முள்ளரசி அவனுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து, அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டில் இன்னொரு மூச்சு. அது போதும் என்று இருந்தது அவளுக்கு.

இரண்டாம் நாள் பொழுது சாயும் நேரத்தில் அம்பு எழுந்தான். உள்ளே மூன்று எட்டு வைத்தான். சுவர் வந்தது. திரும்பி மூன்று எட்டு வைத்தான். மறுபடியும் சுவர்.

"அக்கா, கொஞ்சம் வெளியில..."

"போயிட்டு வாப்பா."

அம்பு விளிம்பில் ஓடினான். விளிம்பின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி. அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி. ஒரு கல் பெயர்ந்து கீழ் அடுக்கில் கீரி வீட்டு வாசலில் விழுந்தது.

"யாருடா அது மேல!" என்று கீரி கத்தினான். "பிள்ளை குட்டி இருக்கிற வீடு! குதிரையையா கொண்டு வந்து வெச்சிருக்கீங்க?"

புகார் ஒன்று.

மறுநாள் முள்ளரசி அவனைக் கீழே காட்டுக்குள் அழைத்துப் போனாள். தனியாக அனுப்பினால் சிறுத்தை பிடித்துவிடும். முள்ளம்பன்றி கூட இருந்தால் சிறுத்தை வராது. ஆனால் முள்ளரசியால் ஓட முடியாது. அவள் வேகமாக நடப்பதும் அம்பு சும்மா நிற்பதும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"இன்னும் வேகமா வரேன், இரு," என்று அவள் மூச்சு வாங்கினாள்.

"பரவாயில்லக்கா. மெதுவாவே வாங்க," என்றான் அம்பு. சொல்லும்போதே அவன் கால்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. ஓடச் சொல்லிக் கால் கேட்டது. மனது வேண்டாம் என்றது. பாவம்.

அதற்குப் பிறகு முள்ளரசி கிழங்கு தோண்டப் போகும் நேரமெல்லாம் அம்பு பொந்துக்குள் தனியாக இருந்தான். சுவரைச் சுரண்டினான். கிழங்கைக் கடித்தான், பசியில் இல்லை, சும்மா. பிறகு ஊளையிட்டான்.

மேல் அடுக்கில் வௌவால்கள் குடியிருந்தன. பகலில் தூங்குகிறவர்கள். மூத்த வௌவால் இறங்கி வந்தாள். "நாங்க தலைகீழா தொங்கித் தூங்குறவங்க, முள்ளரசி. இந்தச் சத்தத்துல பிடி விட்டு விழுந்தா முதல்ல படுறது தலைதான். கொஞ்சம் யோசிச்சுப் பாரு."

புகார் இரண்டு.

முள்ளரசி அம்புவைத் திட்டவில்லை. ஆனால், "ஏன்டா, இந்த வீட்டுல உனக்கு என்ன குறை?" என்று கேட்டாள்.

"ஒரு குறையும் இல்லக்கா," என்றான் அம்பு. அவன் விலா எலும்பு வெளியே தெரியத் தொடங்கியிருந்தது.

தெற்கே கருமேகம் கூடிக்கொண்டு வந்தது. மழைக்கு இன்னும் ஒரு வாரம்கூட இல்லை. அப்போதுதான் அது நடந்தது.

காலை நேரம். முள்ளரசி அரைத் தூக்கத்தில் இருந்தாள். கீழே புல்வெளியில் ஒரு முயல் குறுக்கே ஓடியது. அம்பு படுத்த இடத்திலிருந்து பாய்ந்தான். பாய்கிறோம் என்று அவனுக்கே தெரியாது. அவன் இனத்தில் கால்தான் முதலில் எழுந்திருக்கும். அந்தச் சத்தத்தில் முள்ளரசி திடுக்கிட்டாள். முள் எல்லாம் சடாரென்று எழும்பின. ஒடுக்கமான பொந்து. ஒதுங்க இடம் இல்லை.

அம்பு வீறிட்டான்.

ஒரு முள் அவன் மூக்குத் தண்டில் ஏறியிருந்தது. கண்ணுக்குக் கீழே ஒரு விரற்கடை தூரம். ஒரு விரற்கடை மேலே போயிருந்தால் கண் போயிருக்கும்.

மேலே வௌவால்கள் பொத்துப் பொத்தென்று விழுந்தார்கள். கீரிப் பிள்ளைகள் அழுதன. உடும்பு சுவரில் விடுவிடுவென்று ஏறி வந்தார். வந்தவர் முதலில் விதியைப் பேசவில்லை. அதற்காக அவரைக் கொஞ்சம் பாராட்டலாம். "பல்லைக் கடிச்சுக்கோ" என்று சொல்லி, முள்ளை வாயால் இறுகப் பிடித்து ஒரே இழுப்பில் எடுத்தார்.

"மன்னிச்சுக்கோங்கக்கா," என்றான் அம்பு, மூக்கில் ரத்தம் வழிய. "ஒரு முயல் போச்சு. அதான்."

குத்து வாங்கியவன் மன்னிப்புக் கேட்கிறான். 

அன்று வெயில் தாழ்வதற்கு முன்பே கூட்டம் கூடியது.

"மூணு புகார்," என்றார் உடும்பு. "விதி எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் மழை வர நேரம். அதனால ஒரு நாள் தரேன். நாளைக்குப் பொழுது சாயறதுக்குள்ள அந்த நாய் அடங்கணும். இல்லன்னா வீடு காலி."

"நாயை நாங்க கேட்டோமா?" என்றான் கீரி.

மைனா கிளையில் இடம் மாறி உட்கார்ந்தாள். "நான் காட்டத்தான் செஞ்சேன். எடுத்தது அவங்க."

"நீ சும்மா இரு," என்றாள் மூத்த வௌவால். "உன்னாலதான் என் தலையில இத்தனை புடைப்பு."

"ஏன் இவ்வளவு பேச்சு?" என்றான் கீரி. "கொடியை எடுத்து நாலு காலையும் கட்டிப் போட்டா முடிஞ்சது. ஓட மாட்டான், பாய மாட்டான். வீடும் இருக்கும், நாயும் இருக்கும்."

எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. உடும்பும் தலையை ஆட்டினார். "கட்டிட்டா புகாரே வராதே. நல்ல யோசனைதான்."

முள்ளரசி வீட்டுக்குப் போனாள். மூலையில் அந்தக் கொடி சுருண்டு கிடந்தது. வீட்டை அளந்த அதே கொடி. அதை எடுத்துக்கொண்டு அம்புவின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.  கூட்டத்தில் பேசியதைச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. பாறையில்தான் எல்லாப் பேச்சும் எல்லா வீட்டுக்கும் கேட்குமே.

அம்பு தன் முன்னங்காலை நீட்டினான்.

"கட்டுங்கக்கா," என்றான். "எனக்காக நீங்க மழையில நிக்க வேணாம்."

மெல்லிய நீண்ட கால். முள்ளரசி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் கொடி. இந்தக் கொடியை வைத்து இவனை அளந்தோமே, எப்போது அளந்தோம்? தூங்கும்போது. காலை மடித்து, மூக்கை வாலில் செருகியிருந்தபோது. இவன் விழித்திருக்கும்போது எவ்வளவு என்று ஒரு முறைகூடப் பார்க்கவில்லையே.

இவன் கேட்டானே ஒரு கேள்வி. ஒரே ஒரு கேள்வி. அதற்குக்கூட நாம் பதில் சொல்லவில்லையே.

காலைக் கட்டினால் வீடு தங்கும். பக்கத்தில் ஒரு மூச்சும் தங்கும். ஆனால் அது யாருடைய மூச்சு? ஓடாத அம்பு அம்புவா?

"எழுந்திரு," என்றாள். "நாய்மேட்டுக்குப் போவோம்."

"இப்பவா? இது உச்சி வேளை இல்லையேக்கா."

"அதனாலதான் இப்போ."

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது சூரியன் இன்னும் ஒரு பனை உயரத்தில் இருந்தது. புல்வெளி மஞ்சளாக இருந்தது. முள்ளரசி கொடியின் ஒரு நுனியைத் தன் கையில் பிடித்து, மறு நுனியை அம்புவிடம் கொடுத்தாள்.

"ஓடு."

"எவ்வளவு தூரம்கா?"

"உனக்கு எவ்வளவு தோணுதோ அவ்வளவு."

அவள் கண்ணை இமைத்துத் திறந்தாள். கையில் கொடி இல்லை. புல்வெளியின் அந்தக் கோடியில், கொடியை வால் மாதிரிப் பறக்கவிட்டுக்கொண்டு, ஒரு கோடு போய்க்கொண்டிருந்தது. அதுதான் அம்பு. அவள் வீட்டின் முழு நீளமும் அவனுடைய ஒரு பாய்ச்சலுக்குக் காணாது. அவள் அவனை முதல் முறையாகப் பார்த்தாள் என்றே சொல்லலாம்.

மூன்று சுற்று ஓடிவிட்டு அவன் திரும்பி வந்தான். நாக்கு தொங்கியது. கண்ணில் அப்படி ஒரு வெளிச்சம்.

"நீ இங்கேயே இரு, அம்பு," என்றாள் முள்ளரசி.

அம்பு தலையைச் சாய்த்துப் பார்த்தான். "அப்போ உங்களுக்குக் காவல்?"

"காவலும் இல்ல, மண்ணும் இல்ல. நாலு கிழங்குக்கு எதுக்குக் காவல்? அது பொய். பக்கத்துல யாராவது உட்காரணும்னு இருந்துச்சு. அதைச் சொல்ல வெட்கமா இருந்துச்சு."

 அம்பு சிரித்துவிட்டான். "உட்காருறதா? என்னாலயா? அக்கா, அதை மட்டும் என்கிட்ட கேட்டிருந்தீங்கன்னா அன்னைக்கே இல்லன்னு சொல்லியிருப்பேனே!"

"கேட்டிருக்கணும்," என்றாள் முள்ளரசி.

அவள் சுற்றிலும் பார்த்தாள். முதல் தடவை உச்சி வேளையில் வந்து பார்த்த அதே நாய்கள்தான். ஆனால் யாரையும் அடையாளம் தெரியவில்லை. எல்லோரும் துரத்தினார்கள், உருண்டார்கள், மண்ணைப் பறித்தார்கள். கொட்டாங்குச்சியில் அடங்குவான் என்று மைனா சொன்ன மிளகு, தன் நிழலைப் பார்த்து விடாமல் குரைத்துக்கொண்டிருந்தான். நிழல் அசைந்தால் குரைத்தான். அசையாவிட்டால், ஏன் அசையவில்லை என்று குரைத்தான். இவனைக் கொண்டு போயிருந்தால் வௌவால் இனமே அழிந்திருக்கும்.

ஒருவன் மட்டும் அன்று உச்சி வேளையில் பார்த்தபடியே இருந்தான். புளியமரத்தடியில், அதே இடத்தில், அதே புளியம்பழங்களோடு.

முள்ளரசி அவன் அருகே போனாள். வேண்டுமென்றே முதுகு முள்ளைச் சடசடவென்று ஆட்டினாள். மற்ற நாய்கள் துள்ளி விலகின. பொதி ஒரு கண்ணை மட்டும் திறந்தான்.

"மழையா?" என்று கேட்டான்.

"இல்ல. நான்தான். கொஞ்சம் எழுந்து நடந்து காட்டுறியா?"

பொதி பெருமூச்சு விட்டு எழுந்தான். புளியம்பழங்கள் உதிர்ந்தன. இரண்டு எட்டு வைத்தான். படுத்துவிட்டான்.

"அவ்வளவுதானா?"

"எங்க இனத்துல இதுவே ஓட்டம்," என்றான் பொதி.

இந்த முறை முள்ளரசி எதையும் மறைக்கவில்லை. "என் வீடு சின்னது. கிழங்கு வாசனை அடிக்கும். நான் திடுக்கிட்டா முள்ளு குத்தும். ஏற்கெனவே மூணு புகார் இருக்கு, இன்னொன்னு வந்தா வீடே போயிடும். இதெல்லாம் தெரிஞ்சுக்கோ. இப்போ சொல்லு, உனக்கு என்ன வேணும்?"

பொதியிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. இரண்டாவது கண்ணையும் திறந்தான்.

"தரை குளுகுளுன்னு இருக்குமா?"

"பாறைத்தரை. சில்லுன்னு இருக்கும்."

"ஓடு, பிடி, எடுத்துட்டு வான்னு யாராவது சொல்லுவாங்களா?"

"மாட்டாங்க. மாசத்துக்கு ஒரு தடவை கூட்டம் இருக்கு. அதுக்கு மட்டும் வரணும்."

"கூட்டத்துல தூங்கலாமா?"

"எல்லாரும் அதைத்தான் செய்யுறாங்க."

பொதி எழுந்தான்.

அடுக்குப்பாறைக்குத் திரும்பி வரும் வழியில் அவர்கள் ஆறு இடத்தில் உட்கார்ந்தார்கள். வாழ்நாளில் முதல் முறையாக முள்ளரசி இன்னொருவருக்காக நின்று காத்திருந்தாள். அது அவளுக்குப் பிடித்திருந்தது.

மேலே ஏறும்போதே பாறை முழுவதும் தலைகள் நீண்டன.

"யானையைக் கொண்டு வந்துட்டாய்யா!" என்றான் கீரி.

உடும்பு வழியை மறித்தார். "முள்ளரசி, உனக்குப் புத்தி இருக்கா? அந்த ஒல்லி நாய்க்கே மூணு புகார். இவனுக்கு முப்பது வரும். பழைய மூணும் அப்படியேதான் இருக்கு. இனி ஒரே ஒரு சத்தம் கேட்டாலும் ரெண்டு பேரும் வெளியில. மழை பெஞ்சாலும் சரி."

"சரிங்க தலைவரே," என்றாள் முள்ளரசி.  

பொதியால் பொந்துக்குள் திரும்ப முடியாது. அதனால் பின்பக்கமாகவே நுழைந்தான். உடம்பு முழுதும் உள்ளே போனது. தலை மட்டும் வாசலில் நின்றது. தலையை முன்னங்கால்மேல் வைத்தான். தூங்கினான். கொடியால் அளந்திருந்தால் கொடி போதாது. யாரும் அளக்கவில்லை.

உடும்பு பக்கத்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தார். மறுநாளும் காத்திருந்தார். மூன்றாம் நாள் மேல் அடுக்கைப் பார்த்துக் கேட்டார்.

"குறட்டைச் சத்தம் கேக்குதே. புகார் உண்டா?"

"இல்ல தலைவரே," என்று மூத்த வௌவால் கொட்டாவி விட்டாள். "பிள்ளைங்க அதைக் கேட்டுத்தான் தூங்குது. தயவுசெஞ்சு எழுப்பிடாதீங்க."

உடும்புக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஐந்தாம் நாள் மாலை மழை வந்தது. தூறல், சாரல் என்றெல்லாம் முன்னறிவிப்பு இல்லை. வானம் கிழிந்ததுபோல் ஒரு இடி இடித்தது. பாறையே அதிர்ந்தது.

முள்ளரசி திடுக்கிட்டாள். முள் எல்லாம் எழும்பிவிட்டது. அது போய்ப் பட்ட இடம் பொதியின் விலா. அவளுக்கு உயிரே போய்விட்டது. இப்போது இவன் கத்துவான். பாய்வான். வௌவால்கள் விழுவார்கள். உடும்பு வருவார். கொட்டுகிற மழையில் இருவரும் நிற்க வேண்டும்.

பொதி கண்ணைத் திறக்கவில்லை.

"குத்துதுக்கா," என்றான். அரைச் சாண் நகர்ந்து படுத்தான். மறுபடியும் குறட்டை.

முள்ளரசி அப்படியே உட்கார்ந்திருந்தாள். வாசலைப் பொதியின் தலை அடைத்திருந்ததால் சாரல் உள்ளே வரவில்லை. பொந்து கதகதப்பாக இருந்தது. அவன் விலா ஏறி இறங்குவது அவள் தோளில் தெரிந்தது. ஆம், தோளில். அவள் தள்ளி உட்காரவில்லை. தள்ளி உட்கார அங்கே இடமும் இல்லை.

எழும்பிய முள்கள் ஒவ்வொன்றாகப் படியத் தொடங்கின.

கீழே மழைக்குள் ஒரு குரைப்புச் சத்தம் கேட்டது. நாய்மேட்டுக் கூட்டம் நனைந்தபடி புல்வெளியைக் கடந்துகொண்டிருந்தது. எல்லோருக்கும் முன்னால், எல்லோரையும் விட வேகமாக ஒருவன். மூக்கில் ஒரு சின்னத் தழும்பு இருக்கும், இவ்வளவு தூரத்தில் தெரியாது.

மறுபடியும் இடி இடித்தது.

முள் ஒன்றுகூட எழும்பவில்லை.

நீதி: ஒருவரை உன் வீட்டுக்கு அழைத்து வருமுன், அவர் உறங்கும் அளவைப் பார்க்காதே, விழித்திருக்கும் அளவைப் பார்.